இளம் ஆலிவ் கன்று ஏன் காய்கிறது?

ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் புதுத் தோப்பில் கன்று வாடினால், உடனே தண்ணீர் திறந்துவிடாதீர்கள். வேர் அழுகியிருந்தால் அந்தத் தண்ணீரே அதைக் கொன்றுவிடும்.

கன்றுக்கு அருகில் 50 செ.மீ. ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் வடிகால் இல்லை. வேர் கறுத்து, தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்தால் வேரழுகல். மேட்டுப்பாத்தி போட்டுத்தான் மறுபடி நட வேண்டும்.

வேர் நன்றாக இருந்தும் ஒரு பக்கக் கிளை மட்டும் காய்கிறதா? இலை உள்பக்கம் சுருண்டு, பழுப்பாகி, உதிராமல் தொங்குகிறதா? வெர்ட்டிசிலியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடல் நோயைச் சந்தேகியுங்கள். பட்டையைச் சீவினால் சில சமயம் ஊதா கலந்த பழுப்பு தெரியும். தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வாடத் தொடங்கிய, இன்னும் உயிருள்ள பென்சில் பருமன் குச்சிகளை வசந்தத்தில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியிலும் கோடை வெயிலிலும் பூஞ்சை பிடிபடுவது கடினம்.

நிலத்தில் முன்பு பருத்தியோ தக்காளியோ உருளையோ விளைந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பயிர்களையும் தாக்கும் இந்தப் பூஞ்சை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அங்கே பிக்குவால் என்ற ஆலிவ் ரகம் தாங்காது, ஃபிராந்தோயோ ரகம் ஓரளவு தாங்கும். உழவும் வேண்டாம், வேரில் காயம் பட்டால் அதுவே நோய்க்கு வாசல்.

தண்டின் அடியில் முயல் கடித்த தடம், இறுகிய கட்டுக்கயிறு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.