அப்டேட் நேரத்தில் டேட்டாபேஸ் கோப்பில் கைவைப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பதிப்பை நிறுவியதும் செயலி திறக்க மறுக்கிறது. டேட்டாபேஸ் பதிப்பு பொருந்தவில்லை என்கிறது. உள்ளே போய் அந்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்று தோன்றும். இருப்பதிலேயே மோசமான தவறு அதுதான்.

பல செயலிகள் தங்கள் தரவை வைத்திருக்கும் எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ் கோப்பின் தலைப்பகுதியில், செயலி தன் பதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ள 4 பைட் இடம் உண்டு. ஆண்ட்ராய்டு செயலிகள் பல இதைப் பார்த்துத்தான் எந்தெந்த மாற்றங்கள் பாக்கி என்று முடிவு செய்கின்றன. கோப்பில் 3 இருந்து, செயலி 5-ஐ எதிர்பார்த்தால் இடையிலுள்ள மைக்ரேஷன்கள், அதாவது டேட்டாபேஸைப் புதிய அமைப்புக்கு மாற்றும் கட்டளைகள், ஓடும். நீங்களே 5 என்று எழுதிவிட்டால் எதுவும் ஓடாது. செயலி திறந்துவிடும், ஆபத்தே அதில்தான். மைக்ரேஷன் சேர்த்திருக்க வேண்டிய புதிய நெடுவரிசை எப்போது தேவைப்படுகிறதோ அப்போதுதான் பிழை வரும். அதற்குள் புதிய பதிவுகள் சேர்ந்திருக்கும். அவற்றை இழக்காமல் பழைய பேக்கப்புக்குத் திரும்ப வழியில்லை.

தலைகீழாகவும் நடக்கும். நெடுவரிசையைக் கையால் சேர்த்துவிட்டு எண்ணை அப்படியே விட்டால், மைக்ரேஷன் அதே நெடுவரிசையைச் சேர்க்கப் போய், ஏற்கெனவே இருக்கிறதே என்று நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இது இன்னும் சிக்கல்: அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் உடனுக்குடன் உறுதியாகிவிடுவதால், பாதியில் நின்ற மைக்ரேஷனைத் தானாகப் பின்வாங்க முடியாது.

அடுத்தது, துணைக்கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழிப்பது. 2010-இல் வந்த டபிள்யூஏஎல் (WAL) என்ற எழுதும் முறையில் இயங்கும் எஸ்க்யூலைட், புதிய மாற்றங்களை முதலில் பக்கத்திலுள்ள தனிக்கோப்பில்தான் எழுதும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகச் சேமித்தவை விடுபடலாம். செயலியை முறையாக மூடினால் அந்தத் துணைக்கோப்பு வழக்கமாகத் தானே மறைந்துவிடும். இன்னும் இருக்கிறதென்றால் செயலி பின்னணியில் ஓடுகிறது, அல்லது கடந்த முறை சரியாக மூடப்படவில்லை. அழிக்காதீர்கள், செயலியை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். டபிள்யூஏஎல் இல்லாத முறையில் வரும் ஜர்னல் என்ற துணைக்கோப்பு இன்னும் கறாரானது: பாதியில் நின்றுபோன எழுதும் வேலையைச் சரிசெய்ய அது தேவை, அதை நீக்கினால் டேட்டாபேஸே சிதையலாம்.

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பயனர்கள் செய்வது வேறு. 15-ஆம் பதிப்பின் தரவுக் கோப்புறையை 16-க்குக் கொடுத்துவிட்டு, அது மறுத்ததும் பதிப்பெண் எழுதிய சிறு கோப்பைத் திருத்துகிறார்கள். பயனில்லை, உள்ளே வேறோர் இடத்திலும் சரிபார்ப்பு உண்டு. இதற்கென்றே தனிக் கருவி இருக்கிறது. இல்லையென்றால் டம்ப் (தரவு முழுவதையும் வெளியே எழுதிய கோப்பு) எடுத்துப் புதிதில் ஏற்றலாம்.

வேர்ட்பிரஸ் தளத்தின் டம்ப் கோப்பை எடிட்டரில் திறந்து முகவரியைக் கண்டுபிடித்து மாற்றுவதும் இந்த வகைதான். சில செட்டிங்குகளில் ஒவ்வொரு சொற்றொடரின் நீளமும் கூடவே பதிவாகியிருக்கும். முகவரியின் நீளம் மாறி, பதிவான எண் பழையதாகவே இருந்தால் அந்த செட்டிங்கைப் படிக்க முடியாது.

கைவைத்தே ஆகவேண்டும் என்றால் செயலியை முழுதாக மூடி, நகலில் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்க்யூலைட்டின் சோதனையை (integrity check) ஓட்டலாம். ஆனால் கோப்பு உடையவில்லை என்று மட்டுமே அது சொல்லும். செயலி எதிர்பார்க்கும் அமைப்பு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பேக்கப்போடு பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் எடுத்து வையுங்கள். பழைய டேட்டாபேஸைப் புதிய செயலி திறக்க மறுத்தால், அதைத் திறக்கக்கூடியது அந்தப் பழைய பதிப்புதான்.