நாற்பதை நெருங்கும்போது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஒத்துவருமா?

“அது அம்மாக்கள் போகிற கடை” என்று துணிமணி விற்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரைப் பற்றி பிரிட்டனில் பலர் சொல்வார்கள். 1884-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரச் சந்தையில் ஒரு சிறு கடையாகத் தொடங்கியது. அந்தப் பழமைதான் ‘அம்மாக்கள் கடை’ என்ற பேச்சுக்குக் காரணம் போலும். நாற்பதை நெருங்கும் பெண்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்காதீர்கள்.

முதலில் பிரா. பல கிளைகளில் இலவசமாக அளவெடுத்துச் சொல்வார்கள். பிள்ளைப்பேறு, எடை மாற்றம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். நாமோ இருபத்தைந்து வயதில் எடுத்த அளவையே நம்பிக்கொண்டிருப்போம். அளவு சரியாக அமைந்தால் பழைய சட்டைகூட எடுப்பாக நிற்கும். ஆகவே வேறெதையும் வாங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து கால்சட்டை. ஒரே இடுப்பளவில் குட்டை, நடுத்தரம், நீளம் என்று கால் நீளம் தனியாகக் கிடைக்கும். நம்மைப்போல் உயரம் குறைந்தவர்களுக்கு மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். மேல்சட்டை, கவுனுக்கு உயரம் குறைந்தவர்களுக்கான ‘பெட்டீட்’ வகையைப் பாருங்கள். அதில் நீளம் மட்டுமல்ல, தோளும் இடுப்பும் விழும் இடமும் மாறும்.

பெரிய பூ போட்ட, தொளதொள மேல்சட்டைகளை மட்டும் யோசித்து எடுங்கள். வயதைக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் அவைதான். அளவாகத் தைத்த ஒற்றை நிறக் கோட்டு, கம்பளி ஸ்வெட்டர் இரண்டும் பல குளிர்காலம் தாங்கும்.