சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? இயலாமைக் காப்பீடு, படிப்படியாக

சம்பாதிப்பவர் இறந்தால் டேர்ம் பாலிசி பணம் தரும். ஆனால் அவர் உயிரோடு இருந்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால், ரைடர் என்னும் கூடுதல் பாதுகாப்புப் பிரிவு எதுவும் சேர்க்காத அதே பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. வருமானம் நின்றுபோன அந்த மாதங்களில்தான் மருந்து, பிசியோதெரபி, ஆட்டோ வாடகை என்று புதிய செலவுகளும் வந்து சேர்கின்றன. இந்தியாவில் இதற்கான பாதுகாப்பு பெரும்பாலும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது.

முதல் படி, தேவையைக் கணக்கிடுவது. மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் ஓர் எலக்ட்ரீஷியனின் வீட்டில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், வண்டிக் கடன் தவணை எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் ஏணியில் ஏற முடியாவிட்டால் 1,44,000 ரூபாய் வேண்டும். இனி ஏறவே முடியாது என்றால் பத்து ஆண்டுகளுக்கே 28,80,000 ரூபாய் வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு தேவைகள் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடந்தால், பணியிடக் காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வண்டி பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டும்போது நேரும் மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் 15 லட்சம் ரூபாய் காப்பீடு அதில் சேர்ந்திருக்கலாம்.

மூன்றாம் படி, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தில் இரு கண்களோ இரு கைகளோ இரு கால்களோ செயலிழந்தால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ செயலிழந்தால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்குவதால், மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய்ப் பற்று பதிவாகியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

எலக்ட்ரீஷியனின் 28 லட்சத்துக்கு இது எட்டாது என்பதால், நான்காம் படியாகத் தனி விபத்துப் பாலிசி தேவைப்படுகிறது. 2021-இல் வந்த சரல் சுரக்ஷா பீமா என்னும் தனிநபர் விபத்துப் பாலிசி 2.5 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: தற்காலிக முழு இயலாமைப் பிரிவைச் சேர்க்காமல் வாங்காதீர்கள். நிரந்தர இயலாமையைவிட, சில மாதங்களில் தேறிவிடக்கூடிய எலும்பு முறிவே அதிகம் நேர்கிறது. அந்த மாதங்களில் வாரந்தோறும் பணம் தருவது இந்தப் பிரிவு மட்டுமே. வாரத்துக்கு எத்தனை சதவீதம், ரூபாயில் உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை வாரம் வரை என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொழிலையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவாதம் போன்ற நோயால் வரும் இயலாமைக்கு விபத்துப் பாலிசி பொருந்தாது. அதற்குத் தீவிர நோய்ப் பாலிசியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசிப் படி, வீட்டில் இருப்பவர்களுக்கு விவரம் சொல்வது. கிளைமுக்கு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியும், இயலாமைச் சான்றிதழும், சாலை விபத்தானால் முதல் தகவல் அறிக்கையும் தேவைப்படும் என்பது கணவன் மனைவி இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். நாமினிக்குப் பணம் போவது இறப்பில்தான். இயலாமைத் தொகை காப்பீடு செய்தவரின் கணக்கிலேயே வரவாகும். அவர் கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருந்தால் அந்தப் பணத்தை எடுப்பதே சிக்கலாகிவிடும். ஆகவே அந்தக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இப்போதே மாற்றிவிடுங்கள்.