திருப்பதிக்கு நடக்கும் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

புரட்டாசி பிறந்தால் சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடப்பவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய. சுமார் 140 கிலோமீட்டர், நாலைந்து நாள். "மெரினாவில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, போதாதா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். மறுநாள் விடியற்காலை அதே காலை ஊன்றி எழும்போதுதான் தெரியும். அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட தூரம் நடந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், அன்று போடப்போகும் அதே ஷூவோடு.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. என் பெரியப்பாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. இரண்டாம் நாள் இரவு ஊத்துக்கோட்டையில் சாக்ஸைக் கழற்றினார். குதிகால் பக்கம் துணி ரத்தத்தில் ஒட்டியிருந்தது. கொப்புளம் எப்போது உடைந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. நரம்பு மரத்த காலில் வலி எச்சரிக்காது. கண்தான் பார்க்க வேண்டும். தங்கும் இடத்தில் எல்லாம் உள்ளங்கால், விரலிடுக்கு இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் ஷூ கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது.

அப்புறம் தண்ணீர். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அம்மாக்கள் பலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். புரட்டாசி வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓஆர்எஸ் கரைப்பதிலும் தவறு நடக்கிறது: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் குடிக்கக் கூடாது.

அன்னதானப் பொங்கல் எந்த நேரத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சர்க்கரை மாத்திரைக்கோ நேரம் உண்டு; போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும்.

இளைஞர்கள் வேகத்துக்கு ஓடாதீர்கள். இருட்டில் நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, வெளிர் நிறத் துணியில் நடங்கள்.

கடைசியில் திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதை, 3,550 படி. நாலு நாள் நடந்த முழங்காலோடு அன்றைக்கே ஏறிவிடத் துடிப்பார்கள். அறுபதைத் தாண்டி இதய நோய், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் படியேற வேண்டாம் என்று தேவஸ்தானமே 2024-ல் கேட்டுக்கொண்டது. பெரியப்பா அடிவாரத்தில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.