போட்டி நாள் போக்குவரத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவனந்தபுரத்தின் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் பன்னாட்டுக் கிரிக்கெட் நடக்கும் நாள்களில், நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிச் செல்லும் நம்மவர்களில் பலர் போய்ச் சேரும் நேரத்தை மட்டுமே கணக்கிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். ரசிகர்கள் சில மணி நேரமாகச் சிறிது சிறிதாக வந்து சேர்கிறார்கள்; ஆனால் கடைசிப் பந்து முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகச் சாலையில் இறங்குவதால், நெரிசல் உச்சத்தை எட்டுவது திரும்பும்போதுதான். 2017 நவம்பர் 7 அன்று அங்கு நடந்த முதல் பன்னாட்டுப் போட்டி மழையால் தாமதமாகத் தொடங்கி, தலா 8 ஓவர்களாகச் சுருங்கியது. ஆட்டம் முடியும் நேரத்தை நாம் முடிவு செய்ய இயலாது என்பதால், ஊர் திரும்ப ஒரே ஒரு கடைசி ரயிலை நம்பிப் புறப்படக் கூடாது. மைதான வாயிலை ஒட்டிக் காரை நிறுத்துவதும் வீண்; கூட்டம் கலையும்வரை அந்த வண்டி நகராது. சற்றுத் தொலைவில், திரும்பும் திசை நோக்கி நிறுத்திவிட்டு நடப்பதே விரைவான வழி.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது மாற்றுப்பாதைகள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடும்போது, பேருந்துகளும் கார்களும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் குறுகிய சாலைகளுக்குள் நுழைகின்றன. கைப்பேசி காட்டும் குறுக்குவழியை நம்பி, அந்த ஊரை அறியாத ஓட்டுநர் அங்கே வேகமெடுப்பது மன்னிக்க முடியாத தவறு. அன்று மாலை மட்டுமாவது பிள்ளைகளைப் பெரியவர்கள் உடன் சென்று அழைத்துவர வேண்டும்.

சைக்கிளில் மைதானத்துக்குச் செல்வோரும் கவனிக்க வேண்டியவை உண்டு. வரிசையாக நிற்கும் கார்களை உரசிக்கொண்டு ஓட்டினால், திடீரெனத் திறக்கும் கதவில் மோத நேரிடும். தடுப்பு வைத்த சாலை காலியாகத் தெரிந்தாலும், ஆம்புலன்சும் காவல் வாகனங்களும் அதில்தான் விரைந்து வரும். திருவனந்தபுரத்தின் சாலைகள் ஏற்ற இறக்கம் மிகுந்தவை; ஐப்பசி மழையில் நனைந்த பிரேக்குடன் கூட்டத்தை நோக்கிச் சரிவில் இறங்குவது ஆபத்தானது. விளக்கில்லாமல் புறப்படவே வேண்டாம்.

ஏற்பாட்டாளர்களின் தவறு, கார் நிறுத்த இடத்தைப் பெருக்கினால் போதும் என்று எண்ணுவது. 1996 ஒலிம்பிக்கின்போது அட்லாண்டாவில் நகர மையத்தில் தனியார் கார்களைக் கட்டுப்படுத்திக் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். வார நாள்களின் காலை உச்ச நேரப் போக்குவரத்து 22.5 விழுக்காடு குறைந்தது. 2024இல் பாரிஸ், போட்டி அரங்குகளுக்குச் சைக்கிள் பாதைகளையும் சைக்கிள் நிறுத்துமிடங்களையும் அமைத்தது. காரியவட்டத்துக்கும் வேண்டியது அத்தகைய ஏற்பாடே: வாயிலிலிருந்து சற்று விலகி, வெளிச்சமும் காவலும் உள்ள ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, ஆட்டம் முடிந்ததும் கழக்கூட்டம் ரயில் நிலையத்துக்கும் களியக்காவிளைக்கும் நேராகச் செல்லும் பேருந்துகள்.