விதைச் சாற்றைப் பூஞ்சைக்கு எதிராகச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேம்பு, கருஞ்சீரகம், ஓமம், முள்ளங்கி என்று முதுகலை புராஜெக்ட்டுக்கு விதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. மலிவாகக் கிடைக்கும், காயவைக்க வேண்டியதில்லை, எடுத்து வைத்தாலும் கெடாது. ஆனால் இலைக்கு எழுதிய செய்முறையை அப்படியே விதைக்குப் போட்டால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. விதைக்குள் எண்ணெய் இருக்கிறது, புரதம் இருக்கிறது, தோலின்மேல் பூஞ்சையே குடியிருக்கிறது. பிளேட்டில் சாற்றைச் சுற்றிப் பூஞ்சை வளராமல் தெரியும் வளையத்தை இந்த மூன்றும் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும்.

முதலில் விதை எதுவென்று உறுதி செய்யுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கருஞ்சீரகம் கேட்டால் காட்டுச்சீரகம் கைக்கு வருவதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பம். கருஞ்சீரகம் கன்னங்கரேலென்று முக்கோண விளிம்போடு இருக்கும். காட்டுச்சீரகம் நீளமானது, பழுப்பேறியது, நீளவாக்கில் வரிகள் கொண்டது. வெறும் விதையை வைத்து உறுதியாக அடையாளம் சொல்வது கடினம். பூவோடு கூடிய செடி இருந்தால்தான் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகம் போன்ற இடத்தில் தெளிவான சான்று கிடைக்கும். கடையில் வாங்கியதில் ஒரு கைப்பிடியைத் தொட்டியில் விதைத்துப் பூக்கும்வரை வளர்த்துவிடுங்கள். பின்னால் ஆய்வுக்கட்டுரைக்கு இது கைகொடுக்கும்.

பூசணம் பிடித்த விதையைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் மேல்தோலைத்தான் சுத்தம் செய்யும். ஈரத்தில் சேமித்த விதைக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஏற்கெனவே புகுந்திருந்தால், அது சுரந்த நச்சும் சேர்ந்தேதான் உங்கள் சாற்றில் வரும். அப்புறம் அடுத்த பூஞ்சையைக் கொன்றது வேம்பா, அந்தப் பூசணமா என்று யார் சொல்வது? தூக்கிப் போட்டுவிட்டு நல்ல விதை வாங்குங்கள்.

அடுத்தது எண்ணெய். கருஞ்சீரகத்தில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். நேரடியாக மெத்தனாலில் ஊறவைத்தால் பிசுபிசுப்பான ஒரு கலவை கிடைக்கும். பூஞ்சை வளர்க்கும் கூழான அகாரில் குடைந்த குழியில் அதை ஊற்றினால் எண்ணெய் அங்கேயே தேங்கும், ஈரமான அகாருக்குள் பரவாது. வளையம் வராது. “செயல்திறன் இல்லை” என்று எழுதிவிடுவார்கள்.

சிலர் உஷாராக முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயை எடுத்துவிடுகிறார்கள். சரி, நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஹெக்சேன் பகுதியைக் கழிவுக் குடுவையில் கொட்டிவிடுகிறார்கள். கருஞ்சீரகத்தில் பூஞ்சைக்கு எதிராக அதிகம் பேசப்படும் தைமோகுவினோன் எண்ணெயோடுதான் போகும். தேடிவந்த பொருளைக் கொட்டிவிட்டு மிச்சத்தைச் சோதிக்கிற கதை இது. இரண்டு பகுதியையும் எடைபோட்டு, தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஓமத்தில் பிரச்சினை வேறு. அதன் தைமோல் ஆவியாகக்கூடியது. சூடேற்றிக் கரைப்பானை வற்றவைக்கும்போது ஆய்வகம் முழுக்க ஓம வாசம் வருகிறதென்றால், போய்க்கொண்டிருப்பது உங்கள் மருந்து. வெப்பத்தைக் குறைத்து, அழுத்தத்தையும் குறைத்து வற்றவையுங்கள். பிளேட்டை மூடிய பிறகும் இந்த ஆவி சும்மா இருக்காது. மூடிக்குள் பரவிப் பக்கத்துக் குழியைச் சுற்றியும் வளர்ச்சியைக் குறைக்கும். அதனால் ஓமத்துக்கும் அதன் கண்ட்ரோலுக்கும் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழிக்கும்) தனித்தனி பிளேட் வேண்டும்.

தண்ணீரில் எடுத்த சாற்றை ஆட்டோகிளேவ் செய்வதும் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவதும்) அடிக்கடி நடக்கிறது. விதைகள் தங்களைக் காத்துக்கொள்ளப் புரதங்களை வைத்திருக்கின்றன. முள்ளங்கி விதையிலிருந்து பூஞ்சையைத் தடுக்கும் இரண்டு சிறு புரதங்களைப் பிரித்து 1992இல் அறிவித்தார்கள். டிஃபென்சின் வகையைச் சேர்ந்தவை. கால்சியம் போன்ற உப்புகள் கூடினால் இவற்றின் வீரியம் குறையும் என்பதும் தெரிந்ததே. ஆகவே புரதங்களைச் சிதைக்கக்கூடிய 121 டிகிரியில் வேகவைக்காமல் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். பூஞ்சையை வளர்க்கும் எந்த ஊடகத்தில் சோதித்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இனி அந்த வளையத்துக்கு வருவோம். வளையத்தின் அகலம் மருந்தின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை. அது அகாரில் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற சாற்றில் 100 மைக்ரோலிட்டரைக் குழியில் விட்டால் உள்ளே போவது 10 மில்லிகிராம். பக்கத்தில் வைத்த ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் டிஸ்கில் இருப்பதோ 25 மைக்ரோகிராம். 400 மடங்கு அதிகம் ஊற்றிவிட்டு “நிலையான மருந்துக்கு இணையான வளையம்” என்று எழுதுவதில் நியாயமே இல்லை. சாறுகளை மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வைத்துச் சோதிப்பதைத் தவிர்க்கும்படி 2005லேயே ரியோஸ், ரெசியோ என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வளையத்தை முதல் கட்டத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவை) திரவ ஊடகத்தில் கண்டுபிடியுங்கள்.

இதைவிட மோசம், ஆஸ்பர்ஜில்லஸுக்கு ஃபுளுகோனசோலைக் கண்ட்ரோலாக வைப்பது. அந்தப் பூஞ்சைக்கு இயல்பிலேயே அந்த மருந்து வேலை செய்யாது. மருந்துக்கு வளையம் பூஜ்யம், நம் சாற்றுக்கு 14 மில்லிமீட்டர் என்று அட்டவணை பிரமாதமாக இருக்கும், அர்த்தம் இருக்காது. இழைப்பூஞ்சைகளுக்கு ஆம்போடெரிசின் பி அல்லது வோரிகோனசோல் வையுங்கள். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் அதே அளவில் விட்ட குழியும் கட்டாயம் வேண்டும். திரவச் சோதனையில் அதன் இறுதி அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

திரவச் சோதனையில் எத்தனை செல்களை விடுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குவது. கேண்டிடா என்ற ஈஸ்ட்டுக்கு 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் அடர்த்தியை ஒப்பிடும் அளவுகோல்) கலங்கலை அப்படியே ஊற்றக் கூடாது; ஆய்வகத் தர நிறுவனமான சிஎல்எஸ்ஐ வகுத்த முறைப்படி நீர்க்கவைத்து, கடைசியில் மில்லிலிட்டருக்கு 500 முதல் 2,500 செல்கள் இருக்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரின் வித்துகள் கறுப்பு, தண்ணீரில் ஒட்டாது. சோப்பு போல வேலை செய்யும் ட்வீன் ஒரு துளி சேர்த்துக் கலக்கி, கலங்கலை நம்பாமல் ஹீமோசைட்டோமீட்டரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடித் தட்டில்) எண்ணுங்கள்.

ரெசாசுரின் சாயம் போடுபவர்களுக்கு ஒன்று. உயிருள்ள செல் அதை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாற்றும். விதைச் சாற்றில் உள்ள ஃபீனால்களும் அதே வேலையைச் செய்யக்கூடும். பூஞ்சை இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் விட்ட ஒரு குழி இல்லையென்றால், அந்த நிறம் எதைச் சொல்கிறது என்று தெரியாது.

பயிர் நோய்ப் பூஞ்சைகளுக்கு அகாரிலேயே சாற்றைக் கலக்கும் முறைதான் வசதி. கொதிக்கும் அகாரில் ஊற்றாதீர்கள், 45 டிகிரி அளவுக்கு ஆறட்டும். கண்ட்ரோல் பிளேட்டில் பூஞ்சை விளிம்பைத் தொடும் முன்பே அளந்துவிடுங்கள். தொட்ட பிறகு அது நின்றுவிடும், சாறு கலந்த பிளேட் தொடர்ந்து வளரும், தடுப்புச் சதவீதம் தானாகக் குறைந்துவிடும். நடுவில் வைத்த துண்டின் விட்டத்தைக் கழிப்பதையும் மறக்காதீர்கள். வளர்ச்சியே இல்லாத பிளேட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துச் சாறில்லாத புது அகாரில் வையுங்கள். மறுபடி வளர்ந்தால் சாறு பூஞ்சையை நிறுத்தி வைத்திருக்கிறது, கொல்லவில்லை. தலைப்பில் “பூஞ்சைக்கொல்லி” என்று போடலாமா என்பது அந்தப் பிளேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியது.