கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

கடந்த மாதம் ஓர் இறுதியாண்டு மாணவர் குழு, தாங்கள் செய்யும் தக்காளி தரம்பிரிக்கும் இயந்திரத்தைக் காட்ட என்னை அழைத்திருந்தது. ஓடும் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. பழத்தின் நிறத்தையும் கரும்புள்ளியையும் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேண்டும். மாணவர்களாக இருந்தபோது நாங்கள் செய்ததும் இதே இயந்திரம்தான். "பெல்ட் என்ன வேகத்தில் ஓடுகிறது?" என்று கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை.

அன்று நாங்கள் செய்த தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். லென்ஸைத் துடைப்பது, திருகை இறுக்குவது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே புரிந்துவிடும்.

கேமராவை முதலில் வாங்குவது

எங்கள் பணத்தில் பெரும்பகுதியையும் மூன்று வாரங்களையும் விழுங்கிய தவறு இது. ஒவ்வோர் ஆண்டும் புதிய குழுக்கள் இதையே செய்வதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

நாங்கள் மெகாபிக்சலைப் பார்த்து வாங்கினோம். எட்டு மெகாபிக்சல், அகலவாக்கில் 3280 படப்புள்ளிகள் (பிக்சல்கள்). பெல்ட்டின் அகலம் 30 செ.மீ. ஆகவே ஒரு புள்ளிக்கு 0.09 மி.மீ. பழத்தின் மேல் 2 மி.மீ. கறை இருந்தாலும் அது இருபது புள்ளிகளுக்கு மேல் விழும் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தோம். நின்றுகொண்டிருந்த தக்காளியில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

பெல்ட்டை ஓட்டினோம். வேகம் நொடிக்கு அரை மீட்டர். அறை வெளிச்சத்தில் கேமரா தானாகத் தேர்ந்தெடுத்த ஷட்டர் நேரம், அதாவது ஒரு படத்துக்கு ஒளியை உள்வாங்கும் நேரம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் பழம் 10 மி.மீ. நகர்ந்துவிடுகிறது, படத்தில் 110 புள்ளிகள். கரும்புள்ளி, நீண்டு வெளிறிய ஒரு நிழலாகிவிட்டது. எட்டு மெகாபிக்சலுக்குக் கொடுத்த பணம் அந்த நிழலில் போய்விட்டது.

ஷட்டர் நேரத்தை 2 மில்லி நொடியாகக் குறைத்தோம். நகர்வு 1 மி.மீ. ஆனது, வெளிச்சமும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. சென்சாரின் உணர்திறனைக் கூட்டினோம். படமெங்கும் மணல் தூவியதுபோல் இரைச்சல். எது கறை, எது இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை. கடைக்கு ஓடிப்போய்க் குழல் விளக்குகள் வாங்கி மாட்டினோம். படத்தில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழுந்தன. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 2 மில்லி நொடி ஷட்டருக்குத் தெரியும். சீரான நேர்மின்சாரத்தில் எரியும் எல்இடி பட்டைகளை வாங்க வேண்டும் என்று தெரிந்தபோது கையில் பணம் இல்லை.

அதோடும் முடியவில்லை. எங்கள் கேமரா ரோலிங் ஷட்டர் வகை. படத்தை வரிவரியாகப் பதிவு செய்வது. ஓடும் பெல்ட்டில் உருண்டைத் தக்காளி முட்டை வடிவமாக வந்தது. வடிவத்தை வைத்துப் பழத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் தடுமாறியது. எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது குளோபல் ஷட்டர். சிறு கணினிப் பலகைகளைச் செய்யும் ராஸ்பெரி பை நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அந்த வகைக் கேமராவுக்கு 1.6 மெகாபிக்சல்தான். கடையில் நாங்கள் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டோம். எங்கள் வேலைக்கு அது போதும்.

நீங்கள் பார்க்க வேண்டிய மிகச் சிறிய கறை எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு பெல்ட்டின் வேகத்தை அளந்து பாருங்கள். சாக்பீஸ் கோடும் நிறுத்தற் கடிகாரமும் போதும். அந்த இரண்டும் ஷட்டர் நேரத்தைச் சொல்லும். ஷட்டர் நேரம் எவ்வளவு விளக்கு வேண்டும் என்று சொல்லும். விளக்குக்கான பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் லென்ஸும் கேமராவும் வாங்குங்கள்.

தானியங்கி வெள்ளைச் சமன்

வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைக் கேமரா தானே திருத்தும் அமைப்பு இது. அணைத்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்துத் தரம்பிரிக்கும் இயந்திரத்தில், கேமரா தன் விருப்பத்துக்கு நிறத்தை மாற்றக் கூடாது.

குவியம்

பல சிறிய கேமராக்கள் ஒரு மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. கால் மீட்டர் உயரத்தில் மாட்டினால் மங்கும். லென்ஸைத் திருகிச் சரிசெய்து, ஒரு சொட்டுப் பசை வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் அதிர்வு இரண்டே நாளில் லென்ஸைக் கழற்றிவிடும்.

ஒரே சோதனையை நம்புவது

நாங்கள் மேசையில், நின்ற பழங்களை வைத்து மட்டுமே சோதித்தோம். இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 1990-ல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் பெரிய ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆடியைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டின. துல்லியம் குறைந்தவை என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1993-ல் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் பார்வையைச் சரிசெய்ய முடிந்தது. உங்கள் பெல்ட்டில் பழங்களை ஓடவிட்டு, காலையிலும், ஜன்னல் வெயில் விழும் மாலையிலும், விளக்கு சூடேறிய பிறகும் பாருங்கள்.

ரிப்பன் கேபிள்

கேமராவைக் கணினிப் பலகையோடு இணைக்கும் தட்டையான கம்பி இது. இரண்டு வாங்குங்கள்.